நின்று சமைக்க ஒரு மேடை

அறுபதுகளின் தொடக்கத்தில் கீரனூரில் நாங்கள் வீடு கட்டினோம். அப்போது நான் திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. காலையில் சமைத்து முடித்துவிட்டுத்தான் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். குடியிருந்த வாடகை வீட்டின் அடுப்படிக்கு ஜன்னலே கிடையாது. குந்தியபடி அடுப்பை ஊதி, கண் சிவந்து வகுப்புக்குள் நுழைவேன். "டீச்சர், அழுதீங்களா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

அதனால் கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். நின்று சமைக்க மேடை வேண்டும், அடுப்புக்கு மேலே புகைபோக்கி, பக்கத்தில் தெருவைப் பார்த்துப் பெரிய ஜன்னல்.

கொத்தனார் என் கணவரைப் பார்த்தார். கணவர் தன் அம்மாவைப் பார்த்தார்.

"நின்னுக்கிட்டு ஒலை வைக்க இது என்ன ஓட்டலா?" என்றார் அத்தை. "ஜன்னல் வேறயா? நம்ம வீட்டுக் கொழம்ப ஊரே எட்டிப் பாக்கவா?"

பேச்சு அதோடு நின்றது. சுவர் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது.

ஒருநாள் வேலையைப் பார்க்க வந்த அத்தை செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது. கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். அப்படியே சுவரோரம் அழைத்துப் போய்க் கேட்டேன்.

"அத்தை, தோசைக்கல்லு எந்த ஒசரத்துல இருந்தா ஒங்களுக்கு நோகாது?"

அவர் கொஞ்சம் யோசித்துச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். செங்கல் துண்டால் அங்கே கோடு போட்டேன்.

"ஒன் ஒசரத்துக்கு இது பத்தாதே."

"நான் லேசாக் குனிஞ்சுக்குவேன் அத்தை. ஒங்க காலுதான் மடங்க மாட்டேங்குது."

அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டார்.

"இந்தக் கோட்டுக்குக் கட்டுங்க. ஜன்னலயும் வச்சுருங்க. வேகுற வரைக்கும் தெருவயாச்சும் பாப்போம்."

புதுவீடு புகுந்த அன்று மேடையில் பால் பொங்கியது. புகை நேராக மேலே போயிற்று. வந்த பெண்கள் யாரும் கூடத்தில் உட்காரவில்லை, எல்லாரும் அடுப்படியில்தான். யார் யோசனை என்று ஒருத்தி கேட்டாள்.

"நாந்தான் சொன்னேன்" என்றார் அத்தை. "இன்னும் எத்தன காலத்துக்குக் குந்திக்கிட்டே கெடக்குறது?"

நான் மறுக்கவில்லை. ஜெயித்தது அவரும்தானே.

அந்த வருஷம் கொத்தனாருக்கு ஓயாத மேடை வேலை. பஸ்ஸுக்கு நடக்கும்போது புதிதாக எந்தக் கூரையில் புகைபோக்கி முளைத்திருக்கிறது என்று அண்ணாந்து பார்ப்பேன். ஒவ்வொன்றும் நானே கட்டியது போலப் பூரிப்பாக இருக்கும்.