திருப்பித் திட்டுகிறவனே ஜெயிப்பான்

எங்கள் ஆர்டென் மலைச் சாலையின் செங்குத்தான வளைவில் உருளைக்கிழங்கு வறுவல் விற்பவள் கிலேன். சைக்கிள் பந்தயத்தன்று, முதல் சுற்றில் வருகிற ஒவ்வொருவனையும் திட்டுவாள். அந்த ஏற்றத்திலும் திருப்பித் திட்ட எவனுக்கு மூச்சு மிச்சமிருக்கிறதோ, கடைசிச் சுற்றில் அவன்தான் ஜெயிப்பான் என்பது அவள் கணக்கு. டிவியில் வாய் கிழியப் பேசும் நிபுணர்களைவிட அவள் சொன்னதே அதிகம் பலிக்கும்.

இந்த வருடம் முன்னால் போனவர்கள் வாயே திறக்கவில்லை. எல்லாருக்கும் பின்னால் மெல்ல மிதித்துக்கொண்டு வந்த தடியனிடம், "சவ வண்டிகூட உன்னைவிட வேகமாப் போகும்டா" என்றாள்.

"சட்டியில கொதிக்கிறது போன வருஷ எண்ணெய்தானே, கிழவி?" என்றான் அவன்.

"இவன்தான்" என்று ஊருக்கே அறிவித்தாள். நாங்கள் அவன்மேல் பியர் பந்தயம் கட்டினோம். அவன் கடைசியாக வந்தான்.

"கணிப்பு ஊத்திக்கிச்சே, கிலேன்?" என்றேன்.

"என்கிட்ட ஜெயிச்சுட்டான்ல" என்று முனகியபடி, சட்டியிலிருந்த எண்ணெயைக் கீழே கொட்டினாள்.