வதனி சொன்ன முடிவு

புஷ்பவள்ளிக்குப் பிள்ளை பார்ப்பதுதான் பிழைப்பு. ரைபிள் ரேஞ்ச் பிளாட்டில் எங்கள் பக்கத்து வீடு. எழுபதுகளில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்கும் தாய்மார்கள் பிள்ளைகளை அவளிடம் தள்ளிவிட்டு ஓடுவார்கள். அத்தனை வாலுகளையும் அடக்க அவளிடம் இருந்தது ஒரே வித்தை. கதையைப் பாதியில் நிறுத்தி, "மீதிய நீ சொல்லு" என்பாள்.

பாசார் சந்தையில் தொலைந்துபோன பிள்ளையின் கதை என்றால், மற்றதுகள் போலீஸ்காரர், ஐஸ் கச்சாங் வண்டி என்று எதையாவது நுழைத்து அம்மாவிடம் சேர்த்துவிடும். ஐந்து வயது வதனி மட்டும், "அம்மா வந்தாங்க. ஆனா அந்தப் பிள்ளய அவங்களுக்கு அடையாளம் தெரியல" என்றாள். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. எந்தக் கதையைக் கொடுத்தாலும் இதே முடிவுதான்.

இது என்னவென்று புஷ்பவள்ளிக்கும் தெரியாது, நல்லதில்லை என்று மட்டும் பட்டது. வதனியின் அம்மா யோகலட்சுமியிடம் சொன்னாள்.

"சின்னப் பிள்ளதானே அக்கா, டிவி பாத்து ஏதாவது உளறும் லா" என்று அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

அப்பா நாகநாதன் துறைமுகத்தில் கிளார்க். மகளுக்கு இவ்வளவு கற்பனையா என்று பூரித்துப்போய், கோயில் நவராத்திரி கதைப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். முடிவுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "அம்மா கட்டிப்பிடிச்சிக்கிட்டாங்கன்னு சொல்லணும், சரியா?" என்று தினமும் பழக்கினார். வதனியும் அப்படியே சொல்லிக் கோப்பை வாங்கினாள். மண்டபமே கைதட்டியது. புஷ்பவள்ளிக்குக் கை எழவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை சொந்தமாக ஒரு கதையும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கட்டிப்பிடித்தே முடித்தாள். புஷ்பவள்ளி மறுபடியும் பேச்செடுத்தபோது, "நல்ல பிள்ளைக்குப் பைத்தியம்னு பட்டம் கட்டாதீங்க அக்கா" என்று நாகநாதன் சீறினார். அடுத்த மாதமே பிள்ளையை வேறு இடத்தில் விட்டார்கள். கூலிக்குப் பிள்ளை பார்ப்பவள் வேறென்ன செய்ய முடியும்? எனக்கு இன்றைக்கும் அந்த மனுஷன் மேல் ஆத்திரம்தான். அவர் செய்ததும் பாசத்தில்தான் என்பது இன்னும் எரிச்சல்.

தொண்ணூறில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்த வதனி அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். பேச்சு நின்றது, பிறகு சாப்பாடும் நின்றது. ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவில் சேர்த்தார்கள். புஷ்பவள்ளி பார்க்கப் போனாள், நானும் கூடப் போனேன்.

வராந்தா பெஞ்சில் யோகலட்சுமி புஷ்பவள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சின்னதுல எப்படி இருந்தான்னு டாக்டர் கேக்கிறாரு. நல்லாத்தானே இருந்தா? நீங்கதானே அக்கா பாத்துக்கிட்டீங்க, சொல்லுங்க."

புஷ்பவள்ளி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"நல்லாத்தாம்மா இருந்தா."

யோகலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதையே டாக்டரிடம் சொல்ல எழுந்து போனாள்.