பாலைவனத்துப் பிளக்

கடையநல்லூரில் யாராவது வளைகுடாவிலிருந்து வந்து பெட்டியைத் திறந்தால் தெருவரைக்கும் வாசனை வரும். அத்தர், சோப்பு, பால்பவுடர் எல்லாம் கலந்த ஒரு வாசனை. என் கூட்டாளி பெட்டியைத் திறந்த அன்று ஆயில் வாசனைதான் வந்தது. மடித்த சட்டைகளுக்கு நடுவே ஒரு காலுறை. அதற்குள் மூன்று ஸ்பார்க் பிளக். மனைவிக்காகக் கொண்டுவந்திருந்தான்.

"ஏலே, உலகத்துல எவனாவது பொண்டாட்டிக்குப் பிளக் வாங்கிட்டு வருவானா?" என்றேன்.

"வளையல எவன் வேணும்னாலும் வாங்குவாம்லே. இது இரிடியம். நம்ம ஊர்க் கடையில கேட்டுப் பாரு, கிடைக்காது."

அவன் மனைவி ஒன்றை எடுத்து, மூக்குத்தி பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் திருப்பினாள். "இத மூக்குல போடவா, காதுல போடவா?" என்று கேட்டாள். கேலிதான். ஆனாலும் திரும்ப வைக்கும்போது கண்ணாடிச் சாமானை வைப்பதுபோல் வைத்தாள்.

பாலைவனத்தின் ஓரத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில் டர்போ எஞ்சின்களோடு பாதி ஆயுளைக் கழித்தவன் அவன். மணல் மேட்டில் வண்டியை விரட்டி ஏற்றுகிற ஆட்களுக்கு வேலை பார்த்தவன். இந்த முறை விடுப்பில் வரவில்லை, ஒரேயடியாக வந்துவிட்டதாகச் சொன்னான். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று தெரு சொன்னது. இத்தனை வருஷத்தில் மனைவி வீட்டைக் கடையநல்லூரிலிருந்து மேலகரத்துக்கு மாற்றியிருந்தாள். பின்கட்டில் தையல் மெஷின் போட்டு, குற்றாலத்து அருவிக்கரைக் கடைகளுக்குத் துண்டும் ட்ரவுசரும் தைத்துக் கொடுத்தாள். கார் ஓட்டக் கற்று, ஒரு சின்ன டர்போ பெட்ரோல் காரையும் வாங்கிவிட்டாள். அவனில்லாமலே எல்லாம் நடந்திருந்தது. காஸ் சிலிண்டர் யார் கொண்டுவருவார், மோட்டாரை எப்போது போட வேண்டும், எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. சொந்த வீட்டில் விருந்தாளிபோல், யாராவது சொன்னால் எழுந்து, சொன்னால் உட்கார்ந்தான். அந்த வீட்டில் அவனுக்குப் பாஷை தெரிந்த ஒரே பொருள் வாசலில் நின்ற காரின் எஞ்சின்தான்.

வந்த வாரமே கம்பெனி பிளக்கைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தன்னுடையதை மாட்டினான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பிளக்கிலும் சூடு, குளிர்ச்சி என்று இரண்டு ஜாதி உண்டு என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். பொறி எல்லாவற்றிலும் ஒன்றுதான். வாங்கிய சூட்டை எவ்வளவு சீக்கிரம் கைவிடுகிறது என்பதில்தான் வித்தியாசம். உள்ளே இருக்கும் வெள்ளைப் பீங்கான் மூக்கு குட்டையாக இருந்தால் சூடு உடனே இறங்கி ஓடிவிடும். அது குளிர்ந்த பிளக். மூக்கு நீளமென்றால் சூடு அதிலேயே தங்கும். அது சூட்டுப் பிளக். டர்போ, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிறது. திணிக்கத் திணிக்கத் தீ பெரிதாகும். அங்கே சூட்டுப் பிளக் இருந்தால் அதன் முனை தணலாகி, பொறி வருவதற்கு முந்தியே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். பிஸ்டனில் ஓட்டை விழும்.

"அங்கன எவன் டர்போ வண்டி கொண்டாந்தாலும் கண்ண மூடிட்டு ரெண்டு படி குளிர்ந்தத மாட்டிருவேன். ஒரு எஞ்சினு உருகினதில்ல," என்றான். பிளக் கழற்றுகிற பானாவைத் துடைத்தபடி அவன் அதைச் சொன்ன குரலில், ஊர் வந்த பிறகு முதல்முறையாக முதுகெலும்பு இருந்தது.

அப்புறம் சாரல் வந்தது.

மலை காணாமல் போகும். காற்று வீட்டுக்குள் வந்து காலண்டரைப் புரட்டும். துவைத்த துணி நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து ஒரு வீச்சம் எடுக்கும். சீசன். அதே நாள்களில் அவள் கார் இருமத் தொடங்கியது. காலையில் எடுத்தால் குலுங்கியது. ஐந்தருவி ரோட்டில் வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்தால் மிஸ் அடித்தது. எஞ்சின் விளக்கு கண் சிமிட்டியது. அவனிடம் சொன்னாள். அவன் சாவியை வாங்கிச் செங்கோட்டை ரோட்டில் ஒரு விரட்டு விரட்டிவிட்டு வந்தான். வண்டி புலிபோல் போனது.

"வண்டியில ஒண்ணுமில்ல. நீ ஓட்டுததுதான் சரியில்ல," என்றான்.

மறுநாள் அவள் எடுத்தால் மறுபடி இருமும். அவன் எடுத்தால் சரியாகும். இருமலுக்கு ஆள் தெரிந்தது. வீட்டில் பேச்சு குறைந்தது. பழைய ஒர்க்ஷாப்பிலிருந்து போன் வர ஆரம்பித்ததும் அப்போதுதான். அங்கே மேலாளர் மலையாளி, நல்ல மனுஷன். இடம் காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார். என் கூட்டாளி வரவில்லை என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய் நனைந்துவிட்டு வந்தான்.

ஒரு நாள் நான் வழக்கம்போல் கால் போன போக்கில் குற்றாலம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாது எனக்கு. சாரலில் இன்னும் மோசம். பக்கத்தில் கார் வந்து நின்றது. அவள்தான். பின்சீட்டு முழுக்கத் துண்டுக் கட்டு.

"அண்ணே, ஏறுங்க. குடை இல்லாம இங்கன என்ன செய்யுதிய?"

ஏறினேன். பேரருவி விலக்கைத் தாண்டவில்லை, வண்டி இரண்டு தடவை திக்கியது. அவள் ஸ்டீரிங்கைத் தட்டிக்கொடுத்தாள், பிள்ளை முதுகைத் தட்டுவதுபோல்.

"பாத்தியளா? இதுக்கு நீர் கோத்துக்கிட்டு. அவிய அந்தக் குளுந்த பிளக்க மாட்டுனதுல இருந்துதான்."

"அவன்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

அவள் வைப்பரை ஒரு படி கூட்டினாள். "அத்தன தூரத்துல இருந்து எனக்குன்னு கொண்டாந்தாவ. அதுவும் வேண்டாம்னு சொல்லிட்டா, இந்த வீட்ல அவியளுக்கு வேற என்ன இருக்கு? மறுவாரமே ஏர்போர்ட்டுக்குப் போயிருவாவ. நீங்க சொல்லுங்கண்ணே. நான் சொன்னதா மட்டும் சொல்லிராதிய."

வெளியூர்க்காரர்கள் உடம்புச் சூட்டை இறக்க இங்கே வருகிறார்கள். அருவிக்குக் கீழே தலையைக் கொடுத்துவிட்டு நடுங்கிச் சிரிக்கிறார்கள். இங்கேயே கிடக்கிற எங்களுக்கு எதிர்ப் பாடு. சுக்குக் காப்பியும் காதில் பஞ்சுமாகக் குளிரிடமிருந்து தப்பிக்கப் பார்ப்போம். அவனோ எரிகிற தேசத்திலிருந்து வந்தவன். குளிர்ச்சியைத் தவிர வேறெதைப் பரிசாக நினைத்திருப்பான்? அவள் ஒரு கடைக்குள் துண்டுக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, ஓடிக்கொண்டே நின்ற அந்த எஞ்சினின் நடுக்கம் என் முழங்காலில் ஏறியது. அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அன்று சாயங்காலம் டீக்கடையில் அவனைப் பிடித்தேன். எனக்கு நேராகப் பேச வராது. சுற்றி வந்தேன்.

"மாப்ள, ஒரு வண்டிக்கு எந்தப் பிளக்குன்னு எத வச்சுலே முடிவு பண்ணுவ?"

"எந்த ஊரு, எந்த ரோடு, எவன் ஓட்டுதான். மூணும் தெரிஞ்சா போதும்."

"இந்த வண்டிய எவன் ஓட்டுதான்?"

"எவன் என்னலே எவன், அவதான் ஓட்டுதா."

"அவ எப்படி ஓட்டுதா?"

டீ கிளாஸ் வாய்க்குப் போகிற வழியில் நின்றது. அவன் ஒருநாளும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனதில்லை. வந்த நாளிலிருந்து காரில் ஏறினால் சாவி அவன் கைக்குத்தான் போனது. இருவருமே அதைக் கேட்டுக்கொள்ளவில்லை, அப்படித்தான் என்று இருந்தது. பெரிய வண்டிக்காரனையெல்லாம் உட்காரவைத்து வேகம் என்ன, பாரம் என்ன, மணலா ரோடா என்று குறுக்குக் கேள்வி கேட்டவன், தன் வீட்டு வண்டிக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் மாட்டியிருந்தான்.

"ஏதாச்சும் சொன்னாளாலே?"

"வண்டிதான் சொல்லுது," என்றேன். பொய்யும் இல்லை.

மறுநாள் காலையில் அவன் இடது சீட்டில் ஏறினான். துண்டுக் கட்டுகளுக்கு நடுவே பின்னால் நான். அவள் கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"என்ன, இன்னைக்கு ஐயா லோடு ஏத்த வாராகளோ?"

"லோடு இல்ல. சும்மா வாரேன். நீ எப்பவும்போல ஓட்டு. நான் இல்லன்னு நெனச்சுக்க."

"அது எனக்கு நல்லாவே பழக்கம்," என்றாள்.

அவன்தான் முதலில் சிரித்தான்.

அவள் ஓட்டினாள். எஞ்சின் சூடாவதற்குள் முதல் கடை. அணைத்தாள். கட்டை இறக்கினாள். கிளப்பினாள். அடுத்த திருப்பத்தில் இரண்டாவது கடை. பழைய அருவிப் பக்கம் வேன்கள் மறித்து நின்றன. இரண்டாம் கியரில், ஒரு காலால் தரையைத் தடவுவதுபோல் ஊர்ந்தாள். ஈரத் தலையோடு குறுக்கே ஓடிய பிள்ளைகளுக்காக நின்றாள். ஒரு தடவைகூட டர்போ மூச்செடுக்கவில்லை. அவன் ரோட்டைப் பார்க்கவில்லை. அவள் காலையும் கியரில் இருந்த கையையும் பார்த்துக்கொண்டே வந்தான். ஐந்தருவி ஏற்றத்தில் வண்டி திக்கியபோது அவன் முகம் சுருங்கியது, தனக்கே இருமல் வந்ததுபோல்.

வீட்டு வாசலில் பானட்டைத் திறந்து பிளக்கைக் கழற்றினான். அடுப்புக்கரிபோல் கறுத்துக் கிடந்தது. விரலில் ஒட்டியது.

"பிளக்கு ஒரு அளவுக்குச் சூடானாத்தான் மேல படியுத கரிய அதுவே எரிச்சுத் துடைச்சுக்கும். நான் விரட்டுனா எரிஞ்சிரும். இவ கையில சூடே ஏறாது," என்று என்னிடம் சொன்னான். பிறகு அவளிடம் திரும்பி, "நீ ஓட்டுததுல குத்தமில்ல. நான் பாலைவனத்துப் பிளக்க மாட்டிட்டேன்," என்றான்.

அவள் உள்ளே போய்ச் சுக்குக் காப்பி கொண்டுவந்து வாசல் திட்டில் வைத்தாள்.

இதோடு முடியவில்லை. அவனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இப்படி ஊர்ந்தே ஓடுகிற வண்டிக்குக் கம்பெனி சொன்னதைவிட ஒரு படி சூடானதே போட்டுவிடலாம், கரி பக்கத்திலேயே வராது என்று கணக்குப் போட்டான். தென்காசியில் தேடிப் போக எழுந்தும்விட்டான்.

"அப்ப புனலூருக்குப் போவையில ஒண்ணும் ஆகாதுல்லா?" என்று கேட்டாள்.

"புனலூரா?"

"வாரா வாரம் நைட்டி லோடு கொண்டுபோறேம்லா. ஆரியங்காவு ஏத்தம் முழுக்க மிதிச்சுக்கிட்டேதான் ஏறும். அப்பத்தான் அந்த டர்போவோ என்னவோ, விசில் அடிக்குமே."

மலை ஏற்றம். முழுப் பாரம். காற்றைத் திணித்துக்கொண்டு ஏறுகிற எஞ்சின். அங்கே சூட்டுப் பிளக்கின் நீண்ட மூக்கு தணலாகும். அவன் திட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ தனியாவா அந்த மலைய ஏறுத?"

"பின்ன, துணைக்கு நீங்களா இருந்திய?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. குத்தலாகவும் இல்லை. ஒரு தகவலைச் சொல்வதுபோல் சொன்னாள். அவனும் அப்படித்தான் கேட்டுக்கொண்டான்.

கம்பெனி சொன்ன படியே சரி என்று ஆயிற்று. ஊர்ந்தால் கரி தங்காத அளவுக்குச் சூடு, ஏறினால் தணலாகாத அளவுக்குக் குளிர்ச்சி. தென்காசியில் சாதாரணமாகக் கிடைத்தது. இரிடியத்தை என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். அவள் அதே காலுறையில் சுருட்டி, பீரோவில் வளையல் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

புதியதை மாட்டுகிறபோது அவன் போன் அடித்தது. திட்டில் கிடந்த திரையில் வளைகுடா எண். அவன் குனிந்து, பிளக்கை முதலில் விரலாலேயே திருகிக்கொண்டிருந்தான். இழை பிசகினால் எஞ்சின் தலையே கெட்டுவிடும், நடுவில் கையை எடுக்க முடியாது. அவன் நிமிராமலே அவளைப் பார்த்தான். எடு என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை.

அவள் எடுத்தாள். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது. அவன் எங்கே, எப்போது வருவான் என்று மலையாளத்தில் கேட்டது.

"அவிய இங்கன ஜோலியில இருக்காவ," என்றாள்.

ஜோலி. மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்திலும் இந்தப் பக்கத்துத் தமிழிலும் வேலை என்று ஒரே அர்த்தமுள்ள சொல். சரி சரி, நன்றாக இருக்கட்டும் என்பதுபோல் ஏதோ சொல்லி மேலாளர் போனை வைத்துவிட்டார்.

அவன் பானாவை மாட்டி, கடைசிச் சுற்றை மெதுவாக இறுக்கினான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சாவிக்குக் கை நீட்டாமல், காரைச் சுற்றி நடந்து இடதுபக்கக் கதவைத் திறந்தான்.