டொயோட்டாவில் வந்தால்தான் பெண்

வெள்ளக்கடை மாதையனுக்குத் தெய்வங்கள் இரண்டு. ஒன்று சேர்வராயன். அதற்கு வருடத்தில் ஒரு தடவை, வைகாசித் திருவிழாவுக்குப் போய்க் கும்பிட்டால் போதும். இன்னொன்று ஜப்பானில் இருக்கிறது. அதற்குத் தினமும் காலையில் பூசை. ஏற்காடு ஏரிக்கு எதிரே டாக்சி ஸ்டாண்டில் அவர் தன் பழைய குவாலிஸ் காரைத் துடைப்பதைப் பார்த்தால் தெரியும். கண்ணாடிக்கு ஒரு துணி, உடம்புக்கு ஒரு துணி, முகப்பில் இருக்கும் டொயோட்டா முத்திரைக்குத் தனியாக ஒரு துணி. அந்த மூன்றாவது துணியை வேறு எதற்கும் தொடக் கூடாது. அவர் மனைவி கண்ணாயி ஒரு தடவை தெரியாமல் அதைப் பிடித்து அடுப்புச் சட்டியை இறக்கிவிட்டார். அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மாதையனின் அப்பா சாமையும் மிளகும் கொஞ்சம் காபியும் போட்ட சாதாரண மலை விவசாயி. மாதையனுக்கு மண்வெட்டி பிடிக்கவில்லை. காபி மூட்டை ஏற்றும் லாரியில் கிளீனராகப் போனார், பிறகு நாகலூர் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் டிரைவரானார். அந்த எஸ்டேட் முதலாளி வாங்கியதுதான் இந்தக் குவாலிஸ். இன்னோவா வந்ததும் முதலாளி அதற்கு மாறிக்கொண்டு, குவாலிஸை மாதையனிடம் தள்ளிவிட்டார். முதலாளிக்கு அது பழைய கார். மாதையனுக்கு அது மோட்சம்.

அதுவரை அவர் வெறும் டிரைவர்தான். அவரைப் பக்தர் ஆக்கியது ஒரு சுற்றுலாப் பயணி. பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் இருக்கும் டொயோட்டா தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு எஞ்சினியர் மழைக்காலத்தில் ஏற்காடு வந்தார். பகோடா பாயிண்ட் காட்சிமுனையில் மூடுபனியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பொழுது போகாமல் காருக்குள்ளேயே உட்கார்ந்து தன் கம்பெனியின் கதையை முழுக்கச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மாதையன் காரில் ஏறிய யாரும் அந்தக் கதையைக் கேட்காமல் இறங்கியதில்லை.

“ஏனுங்க, இந்தக் காரு எதுலிருந்து பொறந்துச்சுன்னு நெனைக்கறீங்க? தறியிலிருந்துங்க. நம்ம சேலத்துல ஓடுதில்லீங்களா, அந்தத் தறி” என்று தொடங்குவார்.

கதை உண்மைதான். சாக்கிச்சி டொயோடா என்ற தச்சர் மகன், தன் அம்மா தறியில் படும் பாட்டைப் பார்த்து அதைச் சீர்செய்யத் தொடங்கினாராம். கடைசியில் நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறியைச் செய்தார். அவர் மகன் கிச்சிரோ அந்தத் தறி ஆலைக்குள்ளேயே கார் செய்ய ஆரம்பித்தார். குடும்பப் பெயரான டொயோடாவை விட்டுவிட்டு டொயோட்டா என்று வைத்தார்கள். அப்படி எழுதினால் ஜப்பானிய எழுத்தில் எட்டுக் கோடுகள் வருமாம். எட்டு அவர்களுக்கு ராசி.

இந்த எட்டு மாதையனைப் படுத்திய பாடு பெரியது. நம் பக்கத்தில் எட்டு சனியன் எண். வண்டி எண்ணைக் கூட்டினால் எட்டு வருகிறது என்றால் ஸ்டாண்டில் யாரும் வாங்க மாட்டார்கள். குவாலிஸின் எண்ணைக் கூட்டினால் எட்டு. வாங்கிய புதிதில் பயந்துபோய் எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார். எஞ்சினியர் சொன்ன மறுநாளே அறுத்து எறிந்துவிட்டு, “சனியன்லாம் இந்தியாவுல தானுங்க. ஜப்பான்ல எட்டுன்னா லட்சுமி” என்று சொல்லத் தொடங்கினார். கதையிலும் கை வைத்தார். “அந்த சாக்கிச்சியோட அம்மாளும் நம்மளாட்டம் ராயிக்களி தின்ன பொம்பளதானுங்க.” ஜப்பானில் ராகிக்களி எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கார் நல்ல கார்தான். பக்கத்து வீட்டில் இருக்கும் நான் அதை மறுக்கவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கி, இத்தனை வருடம் கழித்தும் அது ஓடுகிறது. ஆனால் நல்ல சட்டி செய்தவனைப் பாராட்டலாம், சட்டியைக் கும்பிடுவார்களா? அதோடு அவர் கதையில் பாதியை மறைத்துவிட்டார். சுசுகி கம்பெனியைத் தொடங்கியவரும் அதே வட்டாரத்துக்காரர். அவர் தொடங்கியதும் தறி ஆலைதான். கைபேசியில் தேடினால் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். மாதையன் தேடியதில்லை. மாருதி சுசுகி கார் என்றால் அவர் வாயில் ‘தீப்பெட்டி’தான். ஸ்டாண்டில் தீப்பெட்டிக்காரர்கள் டீ குடிக்கும் கடையில் அவர் டீ கூடக் குடிக்க மாட்டார். தலைமுறை தலைமுறையாக நடந்த பங்காளிச் சண்டை மாதிரி இதை நடத்தினார். இரண்டு ஜப்பான் கம்பெனிகளுக்கும் இவர் பிறந்ததே தெரியாது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகத்தான் இருந்தது, தீபிகாவின் கல்யாணப் பேச்சு வரும் வரை.

தீபிகா அவருடைய ஒரே பெண். ஏற்காட்டில் ஒரு மருந்துக் கடையில் வேலை. வாழவந்தி விஜயகுமாரும் அவளும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். சாதி, உறவுமுறை எதிலும் தடை இல்லை. விஜயகுமார் குடிக்காதவன், சொந்த வண்டி ஓட்டிப் பிழைப்பவன். அந்த வண்டி மாருதி எர்டிகா. அவ்வளவுதான் குறை.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் வரதட்சணை தருவதில்லை. மாப்பிள்ளை வீட்டார்தான் பரிசம் கொண்டுவர வேண்டும். பெண்ணைப் பெற்றவன் ஊர் முன்னால் வாய் திறந்து “ஏத்துக்கறேன்” என்று சொன்னால்தான் சம்பந்தம். தானியம், சேலை, வெற்றிலை பாக்கு என்று பேருக்குத்தான் எல்லோரும் கேட்பார்கள். நல்ல வழக்கம். அதையும் ஒருவர் கெடுக்க முடியும் என்று மாதையன் காட்டினார்.

விஜயகுமார் வீட்டார் முதலில் பேச வந்தபோது அவர் எழுந்திருக்கக்கூட இல்லை.

“எதுல வந்தீங்க?”

“எர்டிகாவுலதானுங்க மாமா. நம்ம வண்டிதான்” என்றான் விஜயகுமார்.

“தீப்பெட்டியில ஏறி வந்து பொண்ணு கேக்கறீங்க.”

கண்ணாயி உள்ளே இருந்து, “ஏனுங்க, கண்ணாலம் பொண்ணுக்கா காருக்கா?” என்று கேட்டார்.

“நீ சும்மா இரு. எனக்கு நெல்லு வேண்டாம், சேல வேண்டாம். பரிசத்தன்னிக்கு டொயோட்டாவுல வந்து எறங்கச் சொல்லு. ஏத்துக்கறேன். தீப்பெட்டிக்காரனுக்கு எம் பொண்ணு இல்ல.”

அவர்கள் போய்விட்டார்கள். தீபிகாவின் தோழிகள் சேலத்தில் பதிவுக் கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. “நான் என்ன தப்பு பண்ணினேன், ஒளிஞ்சு போறதுக்கு? எங்கப்பா ஊரு முன்னால அவரு வாயாலயே சொல்லோணும். இல்லீன்னா எனக்குக் கண்ணாலமே வேண்டாம்” என்றாள். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான். பிடிவாதத்தில் அவளும் மாதையன் பெண்தானே.

ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு விஜயகுமார் எர்டிகாவை விற்றான். கையில் இருந்ததையெல்லாம் சேர்த்துப் போட்டு டொயோட்டா ரூமியான் வாங்கினான். அவனுடைய நண்பன் ஆண்டனி ராஜ் மெக்கானிக். அவனும் சொந்தமாக ஒரு எர்டிகா வைத்திருக்கிறான். விஷயம் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“ஏன்டா விஜி, உனக்குக் கிறுக்கா? ரெண்டும் ஒரே வண்டிடா. போட்டிருந்த சட்டையக் கழட்டி, பொத்தான மாத்தி, அதையே திரும்ப வாங்கிப் போட்டாப்புல.”

“பொத்தானத்தானே அவரு கேக்கறாரு” என்றான் விஜயகுமார்.

ஆண்டனி ராஜ் சொன்னது பொய் இல்லை. டொயோட்டாவும் சுசுகியும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. எர்டிகாவை மாருதி செய்கிறது. அதே வண்டிக்கு முகப்பை மாற்றி, டொயோட்டா முத்திரை வைத்து, ரூமியான் என்று விற்கிறார்கள். யாரும் ஒளிக்கவில்லை. ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டிக்காரர்களோடு பேசாத மாதையனுக்கு மட்டும் தெரியாது. தீபிகாவுக்கும் தெரியும். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பரிச நாளில் இரண்டு வண்டிகள் வந்தன. முன்னால் ரூமியான், பின்னால் ஆண்டனி ராஜின் எர்டிகா. மாதையன் இந்தத் தடவை உட்காரவில்லை. வாசலைத் தாண்டி ரோட்டுக்கே ஓடினார். மாப்பிள்ளையைப் பார்த்துத் தலையாட்டக்கூட இல்லை. நேராக முத்திரையைப் போய்த் தொட்டார். கண் கலங்கிவிட்டது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் நாளில் தகப்பன் கண் கலங்குவது இயல்பு என்று விவரம் தெரியாதவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் ஐயாக்கண்ணு பரிசத் தட்டோடு காத்துக்கொண்டிருந்தார். “மாதையா, நேரமாவுது, உள்ள வா” என்றார்.

“இருங்க கவுண்டரே. இதப் பாத்துட்டுப் போலாம்.” மாதையன் பானெட்டைத் திறந்தார். கூடியிருந்தவர்களுக்குத் தறிக் கதையைத் தொடங்கினார். எட்டுக் கோடு வரைக்கும் வந்தாயிற்று. அத்தோடு விட்டிருந்தால் சரி. பக்கத்தில் ஆண்டனி ராஜ் நின்றான்.

“ஏன்டா ஆண்டனி, மெக்கானிக்கு, நீயே சொல்லு. இந்த மாதிரி ஒரு எஞ்சினு உங்க தீப்பெட்டியில உண்டாடா?”

ஆண்டனி ராஜ் வாயைத் திறக்க மாட்டேன் என்று விஜயகுமாரிடம் சத்தியம் செய்திருந்தான். ஆனால் அவனும் எத்தனை வருடம்தான் தீப்பெட்டி என்ற சொல்லைக் கேட்பான்?

“எங்க தீப்பெட்டியில இருக்கறதே இதுதானுங்கண்ணா.”

“என்னடா சொல்ற?”

அவன் எர்டிகாவை ரூமியான் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி அதன் பானெட்டையும் திறந்தான். கூட்டம் முழுக்க இரண்டுக்கும் நடுவில் போய் நின்று இப்படியும் அப்படியும் குனிந்து பார்த்தது. “ஒரே ஈத்துல போட்ட கன்னுங்களாட்டம் இருக்குதப்பா” என்றார் ஒருவர். “நெத்திச் சுட்டி மட்டும் வேற” என்றார் இன்னொருவர்.

மாதையன் விஜயகுமாரைப் பார்த்தார். “உனக்குத் தெரியுமா?”

“தெரியுங்க மாமா. கம்பெனிக்காரங்களே பேசி வெச்சுக்கிட்டதுங்க. ஆர்.சி. புத்தகத்துல டொயோட்டான்னுதானுங்க போட்டிருக்கு.”

தீபிகா வாசற்படியில் வந்து நின்றாள். பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து, அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐயாக்கண்ணுவுக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் மீசையைத் தடவினார். “சரி மாதையா. நீ கேட்டது டொயோட்டா. அவன் கொண்டாந்திருக்கான். இது டொயோட்டாவா, இல்லியா? நீயே சொல்லு. இல்லீன்னா இப்பவே தட்டத் திருப்பிடறேன்.”

மாதையன் இந்த முத்திரையையும் அந்த முத்திரையையும் மாறி மாறிப் பார்த்தார். இல்லை என்று சொன்னால் டொயோட்டா தன் முத்திரையைக் கண்டதற்கெல்லாம் வைக்கிறது என்று ஆகிவிடும். ஆமாம் என்றால் இவ்வளவு நாள் அவர் திட்டிய தீப்பெட்டியும் டொயோட்டாவும் ஒன்றாகிவிடும். ஒரு பக்கம் போனால் தெய்வம் பொய். இன்னொரு பக்கம் போனால் இவர் முட்டாள். பெண் வாசலில் நிற்கிறாள் என்ற நினைவு அந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கண்ணாயி, “ஏனுங்க, புள்ள நிக்கறா” என்றார்.

“இருடி.” அவர் மறுபடியும் முத்திரையைப் பார்த்தார். முகம் மெல்லத் தெளிந்தது. “பாக்காம டொயோட்டாக்காரங்க அவங்க பேரு போடுவாங்களா? ஜப்பான்காரன் சோதிக்காம ஒரு திருகாணி விடமாட்டான். அவன் பேரு போட்டான்னா, அது டொயோட்டாதான். கம்பெனி மேல பழி வரக் கூடாது. நான் ஏத்துக்கறேன்.”

ஊரார் சிரித்தார்கள், கை தட்டினார்கள். ஐயாக்கண்ணு தட்டை நீட்ட, மாதையன் வாங்கிக்கொண்டார். தீபிகா கேட்ட சொல் கிடைத்துவிட்டது. ஊர் முன்னால், அப்பாவின் வாயாலேயே. ஆனால் அது அவளுக்காகச் சொன்னது இல்லை. ஒரு கம்பெனியின் மானத்துக்காகச் சொன்னது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பரிசம் முடிந்ததும் சேர்வராயன் கோயிலுக்குக் கிளம்பினார்கள். மாதையன் விஜயகுமாரிடம் ரூமியான் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பெண் வீட்டார் அதில், மாப்பிள்ளை வீட்டார் எர்டிகாவில். முன் சீட்டில் ஐயாக்கண்ணு. பின்னால் தீபிகாவும் கண்ணாயியும். ஊர்ப் பிள்ளைகளோடு பிள்ளையாக நானும் கடைசி சீட்டில் ஒட்டிக்கொண்டேன்.

முதல் மேடு ஏறியதும் மாதையன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார். “பாத்தியா சாமி, மேடு ஏர்றதே தெரியல. டொயோட்டான்னா டொயோட்டாதான்.”

“அப்பா, நிறுத்துங்க” என்றாள் தீபிகா.

“ஏன் சாமி, தல சுத்துதா?”

“இல்லீங்க. நிறுத்துங்க.”

அவர் நிறுத்தினார். அவள் இறங்கினாள். பின்னால் வந்த எர்டிகாவுக்குக் கை காட்டி, கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்தாள். கண்ணாயி சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனார். ஐயாக்கண்ணு பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, “அதுல எடமிருக்கா பாக்கறேன்” என்று அவரும் இறங்கினார்.

மாதையனுக்குக் கோபம் வரவில்லை. ஜன்னலில் தலையை நீட்டி, எர்டிகாவைப் பார்த்து உற்சாகமாகக் கத்தினார்.

“நல்லா ஏறிப் பாருங்க. அதுல போனாத்தான் இதோட அருமை தெரியும்.”