மூக்குத்தி மாறிய அட்டை

கருப்பம்மா தலை சீவும்போது கண்ணாடியைக் கொஞ்சம் பார்ப்பாள். பக்கத்தில் ஆணியடித்து மாட்டிய இசைத்தட்டு அட்டையைக் கொஞ்சம் பார்ப்பாள். அட்டையில் ஓர் இளம்பெண், பற்களுக்கிடையில் தேயிலைக் கொழுந்தைக் கடித்துக்கொண்டு ஓரக்கண்ணால் முறைக்கிறாள். அது தான்தான் என்பாள் கருப்பம்மா. "அந்த வெள்ளக்காரனத்தான் மொறச்சேன். படம் புடிக்கிறேன்னு நிக்க வச்சிட்டான். கொழுந்து கொறஞ்சா கங்காணிக்கு யாரு பதில் சொல்றது?"

லண்டன் ராக் இசைக்குழு ஒன்றின் பழைய இசைத்தட்டு அது. தட்டு இப்போது அரிசிப் பானைக்கு மூடி. பாட்டைத் துரை பங்களாவில் ஒரு தடவை கேட்டிருக்கிறாள். "தகரத்துல ஆலங்கட்டி மழ பேஞ்ச மாதிரி இருந்திச்சு. மூடியா நல்லா இருக்கு."

அவள் காலில் சர்க்கரைப் புண். மருந்து கட்ட நான் நமுனுகுலைத் தோட்டத்துக்குப் போகிறேன். சீனி கூடாது என்றால், சீனியை வாயில் அடக்கிக்கொண்டு வெறும் தேநீர் குடிப்பாள். "டீயில சீனி இல்லீங்க நர்சம்மா. வேணும்னா குடிச்சுப் பாருங்க."

அதே லயத்தில் பக்கத்து அறையான காம்பராவில் நாத்தனார் மீனாம்பாள். இளவயதில் இருவருக்கும் ஒரே முகவாகு. கருப்பம்மாவுக்கு வலது மூக்கில் மூக்குத்தி, மீனாம்பாளுக்கு இடது மூக்கில். அட்டையில் இருப்பது இடது மூக்கில். காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் நிற்கையில், துரை அட்டையைத் தூக்கிக் காட்டியபோது முந்திக்கொண்டு வாங்கியவள் கருப்பம்மா. "மொதல்ல கை நீட்டினா மொகமும் அவளதாயிருமா?" என்பாள் மீனாம்பாள்.

அந்த இசைத்தட்டை மறுபடி வெளியிடுகிறார்களாம். அட்டைப் பெண்ணின் இன்றைய படம் வேண்டுமென்று பதுளையிலிருந்து அஸ்னா என்ற புகைப்படக்காரப் பெண் வந்தாள். மீனாம்பாள் பூ வைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். இந்தத் தடவை படம் யாருடையதோ, அட்டையும் அவளுடையதுதான். அது கருப்பம்மாவுக்குத் தெரியும். அன்று சீனியைக்கூட அவள் தொடவில்லை.

அஸ்னா இரண்டு மூக்குகளையும் பார்த்தாள். "அம்மா, படத்துல மூக்குத்தி இடதுலதானே ஈக்குது."

"இதச் சொல்லியே என் வாய மூடுறா. தெனம் பாக்குற என் மூஞ்சி எனக்குத் தெரியாதா?" என்ற கருப்பம்மா சட்டென்று நிறுத்தினாள். கண்ணாடிப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "எனக்குப் பின்னால வந்து நில்லு புள்ள. என்னையப் பாக்காத, கண்ணாடியப் பாரு."

கண்ணாடியில் அவள் மூக்குத்தி, அட்டையில் இருந்த அதே பக்கத்தில் இருந்தது.

"படத்த இடம் வலமாத் திருப்பி அச்சடிச்சிருக்காங்க," என்றாள் அஸ்னா மெதுவாக.

"மூக்குத்தி சரி. மூஞ்சி?" மீனாம்பாள் விடவில்லை.

கருப்பம்மா முறத்தில் கிடந்த கறிவேப்பிலைக் காம்பொன்றை எடுத்தாள். பல்லில்லாத ஈறுகளுக்கிடையில் வைத்துக் கடித்தபடி, கண்ணாடிக்குள்ளிருந்தே நாத்தனாரை ஓரக்கண்ணால் முறைத்தாள்.