நீக்கக் கோரும் காரணம்

சனிக்கிழமை வகுப்பில் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லித் தருவது படம் சேர்ப்பதைத்தான். எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகு. இணையக் கலைக்களஞ்சியத்துக்குப் பங்களிக்க வருபவர்கள் பெரும்பாலும் படத்தில்தான் இடறுகிறார்கள். கட்டுரையை நன்றாகவே எழுதிவிட்டு, தேடிக் கிடைத்த ஏதோ ஒரு படத்தைப் பதிவேற்றி, "சொந்தப் படைப்பு" என்று குறியிட்டுவிடுவார்கள். சில நாட்களில் படம் காணாமல் போகும். மற்ற பயனர்கள் செய்தி விட்டுச்செல்லும் அவர்களது பேச்சுப் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை வந்து நிற்கும்.

"வாட்ஸ்அப்ல வந்த படம் என் ஃபோன்லதானே மேடம் இருக்கு. அப்ப என்னுதுதானே?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்.

"உன் ஃபோன்ல உங்க அத்தை பொண்ணு கல்யாணப் பத்திரிகைகூடத்தான் இருக்கு. அதுக்காக நீ மாப்பிள்ளையா?" என்றாள் முன்வரிசையில் இருந்த மாணவி.

சிரிப்பு அடங்கியதும் விதிகளைச் சொன்னேன். எடுத்தவருக்கே பதிப்புரிமை. கலைக்களஞ்சியத்துக்குக் கொடுப்பதென்றால் கட்டற்ற உரிமத்தில் கொடுக்க வேண்டும். அதாவது, உலகில் யார் வேண்டுமானாலும், வியாபாரத்துக்கும்கூட, அந்தப் படத்தைப் பயன்படுத்தலாம். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. "அதனால நீங்களே எடுங்க. நீங்களே எடுத்த படத்துக்கு எந்தக் கேள்வியும் வராது" என்று முடித்தேன். வாரநாட்களில் திருச்சி புத்தூர் மருத்துவமனை ஒன்றில், வீட்டில் அடிபட்டு வரும் பெண்களிடம் பேசி, அவர்கள் அடுத்து எங்கே போவது என்று யோசிக்க உதவுவதுதான் என் வேலை. அந்த வேலைக்கும் இந்த வகுப்புக்கும் தொடர்பு ஏதும் இருப்பதாக அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

முன்வரிசை மாணவி நான் சொன்னதை அப்படியே செய்தாள். காந்தி மார்க்கெட்டின் வாழை மண்டியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, அதற்கான படங்களைத் தன் கைபேசியிலேயே எடுத்துச் சேர்த்தாள். அவற்றில் ஒன்று எல்லோரையும் நின்று பார்க்க வைத்தது. தகரக் கூரையின் விரிசல் வழியாக விழும் காலை வெயில். ஈரம் சொட்டும் வாழையிலைக் கட்டைத் தலையில் ஏந்தி நிற்கும், நாற்பதைத் தொடாத ஒரு பெண். கேமராவை நேராகப் பார்க்கும் அவளுடைய கண்கள். மூத்த பயனர்கள் பாராட்டினார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை களஞ்சியத்தின் முதற்பக்கத்தில் காட்டுவதற்கு அதைப் பரிந்துரைத்தும் விட்டார்கள்.

புதன்கிழமை காலை மாணவி அழைத்தாள். குரல் சரியாக இல்லை.

"அக்கா, அந்தப் படத்துல இருக்கறவங்க அதை எடுத்துடச் சொல்றாங்க. அழுறாங்கக்கா."

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். மாணவி வாசலில் காத்திருந்தாள். எங்களைக் கண்டதும் மண்டி முதலாளி எழுந்து வந்தார். மார்க்கெட்டில் எல்லோருக்கும் அவர் பாய்தான்.

"வாங்கம்மா, வாங்க. மாஷா அல்லாஹ், நம்ம மண்டிய உலகம் பூரா பாக்குது. எங்க வாப்பா காலத்துலேர்ந்து இருக்கோம், ஒரு பய திரும்பிப் பாத்ததில்ல. உடனே அந்தப் படத்த வியாபாரிங்க குரூப்ல போட்டுட்டேன். சேலத்துலேர்ந்து, கரூர்லேர்ந்து எல்லாம் பாராட்டுறாங்க."

அந்தப் பெண் உள்ளே, தண்ணீர் டிரம்முக்கு அருகில், இலைக்கட்டுகளுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாய் சொன்ன கடைசி வார்த்தைகளைக் கேட்டதும் எழுந்துவிட்டாள்.

"கரூருக்கும் போயிருச்சா?"

பிறகு அவள் தன் கதையைச் சொன்னதைப் பாயும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அவருக்கும் அதுவரை தெரியாது. அவளுடைய கணவன் கரூரில் காய்கறி லோடு வண்டி ஓட்டுகிறவன். அவனிடமிருந்து தப்பித்து, பள்ளியில் படிக்கும் மகளோடு திருச்சிக்கு வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. இருக்குமிடம் பிறந்த வீட்டுக்குக்கூடத் தெரியாது. அவன் இன்னும் ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தகவல் வருகிறது. அவளுடைய இடது கை முழங்கைக்குக் கீழே சற்றே வளைந்திருந்தது. எலும்பு முறிந்து, வைத்தியம் பார்க்காமல் கூடிய கை அப்படித்தான் இருக்கும். எனக்கு அது பழகிய காட்சி.

"ப்ராஜெக்டுக்குன்னு கேட்டேங்க, நீங்களும் தலையாட்டினீங்க" என்றாள் மாணவி, தரையைப் பார்த்து.

"நோட்டுல ஒட்டுவேன்னு நெனச்சேன் பாப்பா. எம்மவளும் அப்படித்தான் ஒட்டுவா." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அழிச்சிருங்கம்மா."

"நாங்களா அழிக்க முடியாதுங்க. கேட்டுத்தான் அழிக்கணும்."

"நீங்கதானே போட்டீங்க?"

போடுவது எங்கள் கையில், எடுப்பது எங்கள் கையில் இல்லை என்பதை எந்த வார்த்தையில் சொன்னாலும் அது ஏமாற்றுவேலையாகவே கேட்கும் என்று எனக்குத் தெரிந்தது. "ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி எடுக்கப் பாக்குறேங்க" என்று மட்டும் சொன்னேன்.

பாய் கைபேசியோடு போராடிக்கொண்டிருந்தார். "குரூப்ல அழிக்கலாம்னு பாத்தா நேரம் தாண்டிருச்சும்மா. என் ஃபோன்ல மட்டும்தான் அழியுதாம். எல்லாரையும் அழிங்கன்னு சொல்லவா?"

"சொன்னா ஏன்னு கேப்பாங்க, பாய்."

அவர் தாடியைத் தடவியபடி யோசித்தார். "அப்ப ஒண்ணு செய்றேன். இன்னைக்கு முழுக்க இலை ரேட்டு, வாழைத்தார் படம்னு போட்டுக்கிட்டே இருக்கேன். அது மேல போயிரும். கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு நெனச்சா நெனச்சிட்டுப் போறானுங்க."

வெளியே, பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி மாணவியின் கைபேசியில் அந்தப் படத்தின் பக்கத்தைத் திறந்தேன். படத்தின் கீழே, கேமரா தானாகவே பதிந்துவைத்த விவரங்கள் இருந்தன. எடுத்த நேரம், எடுத்த இடம். இடத்தைத் தொட்டால் வரைபடம் விரிந்து மண்டியின் வாசலில் ஒரு புள்ளி வந்து நின்றது. முகம், நேரம், வாசல் மூன்றும் ஒரே பக்கத்தில்.

"முகத்த மங்கலாக்கிட்டு அது மேலயே புதுசா ஏத்திடவா அக்கா?"

"பழைய படம் பக்கத்து வரலாற்றுல அப்படியே இருக்கும். யார் வேணாலும் திறந்து பார்க்கலாம்."

"அப்ப நீக்கச் சொல்லிக் கேட்போம்."

கேட்கலாம், ஏற்றியவர் உடனடியாகக் கேட்டால் பெரும்பாலும் நீக்கியும் விடுவார்கள். ஆனால் இது கட்டுரையில் பயன்பாட்டில் உள்ள படம், முதற்பக்கத்துக்கும் பரிந்துரைக்கப்பட்டது. அதனால் காரணம் எழுதி விவாதத்துக்கு வைக்க வேண்டும். அந்த விவாதம் எவரும் படிக்கக்கூடியது. படம் நீக்கப்பட்ட பின்பும் விவாதப் பக்கம் இருக்கும். ஒரு பெண் தன் கணவனுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறாள் என்று அந்தப் பக்கத்தில் எழுதினால், படம் சொல்லாமல் விட்டதையும் நாங்களே எழுதிக்கொடுத்தவர்களாவோம்.

அன்று மாலை ஸ்ரீரங்கத்தில் என் அறையில் உட்கார்ந்து அந்த ஒரு வாக்கியத்தை எழுதி எழுதி அழித்தேன். எதையும் வெளிப்படுத்தாத வாக்கியம் எவரையும் நம்பவைக்கவில்லை. நம்பவைக்கும் வாக்கியம் அவளைக் காட்டிக்கொடுத்தது. கடைசியில், "படத்தில் உள்ளவரின் ஒப்புதல் முழுமையாகப் பெறப்படவில்லை, விவரம் தனிமடலில் தெரிவிக்கப்படுகிறது" என்று எழுதி மாணவிக்கு அனுப்பினேன். அவள் தன் கணக்கிலிருந்து பதிந்தாள். தனிப்பட்ட புகார்களைக் கவனிக்கும் தன்னார்வலர் குழுவின் முகவரிக்கு, ஊரையும் உறவையும் தவிர்த்து, உண்மையை நான் எழுதினேன்.

மறுநாள் காலை விவாதப் பக்கத்தில் முதல் கருத்து வந்திருந்தது. "பொது இடத்தில் எடுக்கப்பட்ட படம். பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. மிகத் தரமானது. நீக்க வேண்டாம்." அதற்குக் கீழே இன்னொருவர் உடன்பட்டிருந்தார். மூன்றாமவர், என்ன ஒப்புதல், யார் கேட்டார்கள் என்று விளக்கம் கேட்டிருந்தார். அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. நான் வகுப்பில் சொல்லித் தரும் விதிகளைத்தான் அவர்களும் சொன்னார்கள். தனிமடலுக்குப் பதில் இல்லை. அதைப் படிப்பவர்களும் எங்களைப்போலத் தங்கள் வேலை நேரம் போகச் செய்பவர்கள்தானே.

வெள்ளிக்கிழமை மதியம், மருத்துவமனையில் நான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும் நேரத்தில், மாணவி அழைத்தாள்.

"அக்கா, நான் எடுத்த படம் இல்லைன்னு எழுதிடறேன்."

"என்ன?"

"வேற யாரோ எடுத்தது, நான் திருடிப் போட்டுட்டேன்னு. திருட்டுன்னா விவாதமே வேணாம், உடனே தூக்கிடுவாங்கன்னு நீங்கதானே கிளாஸ்ல சொன்னீங்க."

உண்மைதான். பதிப்புரிமை மீறல் என்று ஏற்றியவரே ஒப்புக்கொண்டால் யாரும் வாதாட மாட்டார்கள்.

"அப்புறம் நீ ஏத்தின மத்த படம் எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. உன் கணக்கையே முடக்கலாம். கட்டுரையும் போகும்."

"சந்தேகப்படட்டும். கணக்குதானேக்கா. என் கைய யாரும் ஒடிக்கப் போறதில்லையே."

பொய் என்பது மட்டும் என்னைத் தடுக்கவில்லை. ஒரு சமூகம் முகம் தெரியாதவர்களின் வார்த்தையை நம்பித்தான் அந்தக் களஞ்சியத்தைக் கட்டுகிறது. அந்த நம்பிக்கையில் ஒரு செங்கல்லை உருவச் சொல்லி, நான் பயிற்றுவித்த பெண்ணையே எப்படி அனுப்புவேன்? இன்னொரு பக்கம், வளைந்து கூடிய அந்தக் கை. சாயங்காலம் வரை பொறுத்திரு, தனிமடலுக்குப் பதில் வரும் என்றேன்.

"சரிக்கா" என்றாள். அவள் பொறுக்கப் போவதில்லை என்பது அந்தக் குரலிலேயே இருந்தது. நான் திரும்ப அழைக்கவில்லை.

நான்கு மணிக்குப் பக்கத்தைத் திறந்தபோது படம் இல்லை. "பிறரது படைப்பு, பதிவேற்றியவரே ஒப்புக்கொண்டார்" என்ற ஒற்றை வரி இருந்தது. முதற்பக்கப் பரிந்துரையும் போயிருந்தது. மாணவியின் பேச்சுப் பக்கத்தில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை. மண்டியின் வாசல், தார்க்குவியல், எடைமேடை என்று அவள் எடுத்த மற்ற படங்கள் ஒவ்வொன்றின் மீதும் ஐயக்குறிப்பு. நேற்றுவரை பாராட்டிய ஒருவர், "ஏமாற்றமளிக்கிறது" என்று எழுதியிருந்தார்.

மாலையில் என் தனிமடலுக்குப் பதில் வந்தது. ஒரு தன்னார்வலர் நிதானமாகக் கேட்டிருந்தார்: படத்தை மாணவியே எடுத்தார் என்று நீங்கள் சொல்கிறீர்கள்; தான் எடுக்கவில்லை என்று அவர் சொல்கிறார். இரண்டில் எது உண்மை?

பேருந்தில் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது அதைப் படித்தேன். மாணவியின் சொல்லை உண்மையாக்கினால் படம் என்றைக்கும் திரும்பாது, ஆனால் அவள் திருடியாகவே இருப்பாள். என் சொல்லை உண்மையாக்கினால் அவள் பொய் சொன்னவளாவாள், யாராவது படத்தை மீட்கவும் கூடும். அறைக்குப் போனதும் முழுவதையும் எழுதினேன். எடுத்தது அவளே, பொய் சொன்னது ஏனென்றால் நேர்வழியில் எங்களுக்குக் கிடைத்த நேரம் போதவில்லை, தயவுசெய்து படத்தை மீட்காதீர்கள், அவளைத் தண்டிக்க வேண்டுமென்றால் பயிற்றுவித்த என்னையும் சேர்த்து விசாரியுங்கள்.

பதில் சனிக்கிழமை காலையில் வந்தது. படம் மீட்கப்படாது. விவாதப் பக்கமும் மறைக்கப்பட்டுவிட்டது. மற்ற படங்கள் தன்னுடையவை என்பதைப் பதிவேற்றியவர்தான் மூலக் கோப்புகளைக் கொண்டு நிறுவ வேண்டும்.

"மூலம் எல்லாம் ஃபோன்ல இருக்குக்கா. கேட்டா காட்டிக்கலாம்" என்றாள் மாணவி. "அந்த ஒண்ண மட்டும் ஃபோன்லேர்ந்தே அழிச்சிட்டேன்."

இருவரும் மண்டிக்குப் போனோம். அந்தப் பெண் ஒரு துணிப்பையோடு நின்றிருந்தாள். இலை இறக்கிவிட்டு ஜீயபுரம் வாழைத் தோட்டத்துக்குத் திரும்பும் வண்டி கிளம்பத் தயாராக இருந்தது.

"எடுத்தாச்சுங்க" என்றேன்.

"இனிமே யாரும் பாக்க முடியாதா?"

முடியாது என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. "அந்த எடத்துல பாக்க முடியாதுங்க. அதுக்கு முன்னாடி யாராவது எடுத்து வச்சிருந்தா எனக்குத் தெரியாது."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை; கணக்குப் போடும் பார்வை. "அப்படித்தான் இருக்கும்னு பாயும் சொன்னாரு."

"தோட்டத்துல இலை அறுக்குற வேலைம்மா" என்றார் பாய். "நமக்கு இலை போடறவருதான். பொம்பளையாளுங்க நிறைய இருக்காங்க. ரோட்டுலேர்ந்து உள்ள தள்ளி. இவங்க பொண்ணு பரிச்சை முடியிற வரைக்கும் என் தங்கச்சி வீட்டுல இருக்கட்டும்." குரூப்பில் அவருடைய தார்ப் படங்களைப் பார்த்துச் சலித்த ஒரு கரூர் வியாபாரி, உடம்புக்கு என்ன என்று விசாரித்தாராம். வேறு எதையும் யாரும் கேட்கவில்லை. அது நல்லதா என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

வண்டியின் பின்பக்கம் ஏறி, ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால் வெளியே தெரியாதபடி அவள் உட்கார்ந்தாள். மாணவி முன்னே போய், "மன்னிச்சிருங்க" என்றாள்.

"நீ என்னத்த பாப்பா, நல்லாத்தான் எடுத்திருந்த. எம்மூஞ்சி அப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது." பிறகு இலைச்சருகை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள். "அங்கயும் வந்து படம் எடுக்க மாட்டீங்கல்ல?"

"மாட்டோங்க" என்றேன்.

எங்கள் இருவருக்காக மட்டுமே அந்த வாக்கைக் கொடுக்க முடியும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். முந்தானையை இழுத்து முகத்தில் பாதியை மூடிக்கொண்டாள். வண்டி நகர்ந்தது.