நெஞ்சில் வைத்த ஸ்கேன்

தொண்ணூறுகளின் நடுவில் காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டராக இருந்தேன். அங்கே செயற்கை சுவாச இயந்திரம் ஒன்றுதான். நிமோனியா முற்றி வந்த பள்ளத்தூர் டீச்சர் ஒருவர் அதில் இருந்தார்.

காய்ச்சல் இறங்கிவிட்டது. கண் திறந்து பார்த்தார். சொன்னால் என் கையை இறுக்கிப் பிடித்தார். ஆனால் இயந்திரத்தின் உதவியைக் குறைத்தால் போதும், வியர்த்துக் கொட்டும், மூச்சு வாங்கும். மறுபடியும் பழைய நிலைக்கே திருப்ப வேண்டியிருந்தது. படுக்கையிலேயே எடுத்த எக்ஸ்ரேயில் வலப்பக்கம் மங்கலாகத் தெரிந்தது. சளி இன்னும் கரையவில்லை என்றார் பெரிய டாக்டர். “மதுரைக்கு அனுப்பிரலாம்மா.”

எனக்கு அது சளி மட்டுமாகத் தோன்றவில்லை. விலாவைத் தட்டினால் கல்லைத் தட்டுவது போலிருந்தது. கீழே பிரசவப் பகுதியில் இருந்த ஸ்கேன் மெஷினை மேலே கொண்டுவரச் சொன்னேன்.

வாசலில் நின்ற டீச்சரின் கணவர் பதறிவிட்டார். “இது வயித்துப் புள்ளையப் பாக்குற மெசினுல்ல? இவளுக்கு எதுக்குக் கொண்டாரீக?”

“நெஞ்சுல தண்ணி நிக்குதான்னு பாக்கத்தான். உள்ள வாங்க, நீங்களே பாருங்க.”

பெரிய டாக்டர் சிரித்தார். “நுரையீரல் பூராவும் காத்து. ஸ்கேன்ல என்னம்மா தெரியும்?”

“காத்து தெரியாது சார். தண்ணி இருந்தா தெரியும்.”

டீச்சரைச் சற்று ஒருக்களித்து, விலாவின் பின்புறம் கருவியை வைத்தேன். திரையில் கன்னங்கரேலென்று நீர்; ஸ்கேனில் நீர் கறுப்பாகத்தான் தெரியும். அதற்குள் சுருங்கிப்போன நுரையீரலின் நுனி மெல்ல அசைந்துகொண்டிருந்தது. பெரிய டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“ஊசியை எடும்மா. நீயே குத்து.”

நீர் வைக்கோல் நிறத்தில் பாட்டிலில் இறங்கியது. மறுநாள் காலை மீண்டும் ஸ்கேன் வைத்துப் பார்த்தேன். நுரையீரல் விரிந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவை உரசி நகர்ந்தது. இயந்திரத்தின் உதவியைக் குறைத்தேன். வியர்க்கவில்லை. மதியத்துக்குள் தொண்டையில் இருந்த சுவாசக் குழாயை எடுத்துவிட்டோம்.

கரகரத்த குரலில் டீச்சர் கணவரிடம் கேட்டார்: “பரீட்சைப் பேப்பரெல்லாம் யாரு திருத்துறாக?”

“அதெல்லாம் மத்த டீச்சருக பாத்துக்கிருவாக. நீ மூச்சை விடு,” என்றவர், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

அதற்குப் பின் யாரையாவது இயந்திரத்திலிருந்து எடுக்கப் போகிறோம் என்றால் ஸ்கேன் மாடிக்கு வந்துவிடும். “எங்க மெசினத் திருப்பித் தருவீகளா, மாட்டீகளா?” என்று பிரசவ வார்டு சிஸ்டர் படியேறி வந்து சண்டை போடுவார்.